எலிகு யேலின் குடிவழி

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

நம் தந்தையாரின் பெயரை நாம் அறிவோம். பாட்டனாரின் பெயரையும் அறிவோம். பாட்டனாருக்குப் பாட்டனார் யார் என்று எவரேனும் கேட்டுவிட்டால் நம்மில் பலர் விழித்துக்கொண்டுதான் நிற்போம். விழுப்புரத்தை அடுத்த எங்கள் திருவாமாத்தூரில் அபிராமேசுவரர் திருக்கோயில் உள்ளது. அதன் கற்சுவர்களில் சோழர் காலத்துக் கொடையாளர் பலரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுடைய பேரப் பிள்ளைகளின் வழியினர் இன்று எந்த ஊரில் எத்தொழில் செய்து வாழ்கின்றனர் என்பதை யார் அறிவார்? குடும்பம் கலைந்து போயிற்று; கொடுத்த செய்தி மட்டும் கல்லில் நிற்கிறது.

இத்தகைய ஒருவரின் வரலாற்றையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். அவர் பிறந்தது அமெரிக்கா, வளர்ந்தது இங்கிலாந்து, பெரும்பொருள் ஈட்டியது சென்னை, அரசியல் பேச வந்தது நமது செஞ்சி. உலகப் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம் தாங்கியிருப்பது அவர் பெயரைத்தான். அவரே எலிகு யேல். அவருடைய குடும்பத்தின் வேரையும் கிளைகளையும் தேடிச் சென்றால், அவர் வரலாற்றோடு நம் மண்ணின் வரலாறும் பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

பெயர் பிறந்த ஊர்

இங்கிலாந்தை ஒட்டி மேற்கே உள்ள நாடு வேல்சு. அந்நாட்டு மக்களிடம் முற்காலத்தில் நிலையான குடும்பப் பெயர் என்பது இல்லை. இன்னார் மகன் இன்னார் என்றே ஒருவரைக் குறித்தனர். நாம் தந்தையின் பெயரில் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டுக்கொள்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அதே வழக்கம்தான். பிற்காலத்தில் ஆங்கிலேயர் முறையைப் பின்பற்றி நிலையான பெயர் வேண்டியிருந்தபோது, பல குடும்பத்தினர் தம் ஊர்ப் பெயரையே சூட்டிக்கொண்டனர். வடவேல்சில் ‘யால்’ என்னும் மலைசார்ந்த பகுதியில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் பெயர் ஆங்கில நாவில் ‘யேல்’ என்று ஆயிற்று. ஊர்ப்பெயரைப் பெயருக்கு முன் வைத்து எழுதும் நமக்கு இதில் வியப்பொன்றும் இராது.

அக்குடும்பத்தில் தாமசு யேல் என்பவர் இருந்தார். செசுடர் நகரப் பேராயரின் மகளான ஆன் லாயிடு என்பவரை அவர் மணந்தார். டேவிட், தாமசு என்னும் இரு ஆண்மக்களையும் ஆன் என்னும் பெண்மகவையும் விட்டுவிட்டு, அவர் 1619-இல் மறைந்தார். கைம்பெண்ணான ஆன் பின்னர் தியோபிலசு ஈட்டன் என்னும் செல்வ வணிகரை மறுமணம் புரிந்தார். யேல் குடும்பத்தைக் கடல் கடக்கச் செய்தது இத்திருமணமே.

புதுக் கரையில்

ஈட்டன் தூய்மைவாதக் கிறித்தவர். இங்கிலாந்துத் திருச்சபையின் கெடுபிடிகளைப் பொறாத அவரும், அவர் இளமை நண்பரான சான் டேவன்போர்ட்டு என்னும் சமய குருவும் ஒரு கூட்டத்தாரைத் திரட்டிக்கொண்டு 1637-இல் பாஸ்டன் துறையில் சென்று இறங்கினர். மறு ஆண்டு அங்கிருந்து தெற்கே சென்று நியூ ஹேவன் என்னும் குடியேற்றத்தை நிறுவினர். அந்நிலம் குவினிப்பியாக் என்னும் பழங்குடியினருக்கு உரியது. கோட்டுகள், கோடரிகள், மண்வெட்டிகள், கத்திகள் ஆகியவற்றைக் கொடுத்து ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு நிலத்தைப் பெற்றனர். நிலத்துக்கு உரியவர்கள் ஒரு மூலையில் ஒதுக்கப்பட்டனர். ஈட்டன் அக்குடியேற்றத்தின் முதல் ஆளுநரானார். 1658-இல் மறையும் வரை அப்பதவி அவரிடமே இருந்தது.

சமய உரிமை நாடிக் கடல் கடந்தவர்கள், அவ்வுரிமையைப் பிறருக்குக் கொடுத்தார்களா? ஆளுநரின் மனைவியான ஆன் அம்மையாருக்கே அது கிடைக்கவில்லை. குழந்தைகளுக்குத் திருமுழுக்குச் செய்வது பற்றி மாறுபட்ட கருத்துக் கொண்டிருந்தார் என்பது அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. சபை அவரை விலக்கி வைத்தது. அவருடைய மகள் ஆன், எட்வர்டு ஆப்கின்சு என்னும் பெருமகனாரை மணந்தவர். மனநோயால் துன்புற்ற அப்பெண்மணி பற்றி, பெண்ணுக்குரிய வீட்டு வேலைகளை விட்டுவிட்டுப் படிப்பிலும் எழுத்திலும் மூழ்கியதே நோய்க்குக் காரணம் என்று அந்நாளைய ஆளுநர் ஒருவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இன்று நம் வகுப்புகளில் முன் வரிசையில் அமர்ந்து பாடம் கேட்கும் மாணவியர் இதைப் படித்தால் நகைப்பார்கள். ஆனால் அந்நாளில் அது நகைப்புக்குரிய செய்தி அன்று.

அப்பெண்மணியின் கணவரான ஆப்கின்சு 1657-இல் மறைந்தபோது தம் சொத்தில் ஒரு பகுதியைக் கல்விக்கு எழுதி வைத்தார். அதைக் கொண்டு 1660-இல் நியூ ஹேவனில் ஒரு பள்ளி எழுந்தது. அவர் பெயரைத் தாங்கி அது இன்றும் நடைபெற்று வருகிறது. கல்விக்குக் கொடுக்கும் வழக்கம் இக்குடும்பத்தில் எலிகு யேலுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

மூத்த மகன் டேவிட் யேலுக்கு நியூ ஹேவன் ஒத்துவரவில்லை. அவர் பாஸ்டனுக்குச் சென்று வணிகம் செய்தார். சபையில் உறுப்பினராக இல்லாதவர்க்கும் குடியுரிமை வேண்டும் என்று 1646-இல் எழுவர் ஒரு விண்ணப்பம் அளித்தனர். அவ்வெழுவருள் டேவிட்டும் ஒருவர். விண்ணப்பித்தவர்களுக்குத் தண்டமே பரிசாகக் கிடைத்தது. அந்த டேவிட்டின் மகனாக 1649 ஏப்ரல் 5-ஆம் நாள் பாஸ்டனில் எலிகு பிறந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் டேவிட் தம் குடும்பத்தோடு இலண்டன் திரும்பிவிட்டார். தாம் பிறந்த மண்ணை எலிகு அதன்பின் ஒருபோதும் காணவில்லை.

இளையவரான தாமசோ நியூ ஹேவனிலேயே தங்கி நிலம் உழுது வாழ்ந்தார். அமெரிக்காவில் யேல் என்னும் குடும்பப் பெயர் தழைத்தது அவர் வழியாகவே. நம் வீட்டுக் கதவுகளில் தொங்கும் பூட்டுகளைப் பற்றிப் பேசும்போது யேல் பூட்டு என்று கேள்விப்பட்டிருப்போம். அதனை ஆக்கிய லைனசு யேலும் இக்குடும்பத்தவரே. இக்குடிவழி முழுவதையும் தொகுத்து ராட்னி ஒரேசு யேல் என்பவர் 1908-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார்.

சென்னையில் எழுத்தர்

1672-ஆம் ஆண்டு கோடைக் காலத்தில், இருபத்து மூன்று வயது இளைஞராக எலிகு யேல் சென்னையில் கப்பலினின்று இறங்கினார். கிழக்கிந்தியக் கும்பினியில் எழுத்தர் வேலை. ஆண்டொன்றுக்குச் சம்பளம் 10 பவுன். இச்சம்பளத்தைக் கொண்டு யாரும் செல்வர் ஆக முடியாது. ஆனால் கும்பினி ஊழியர்கள் தம் சொந்தக் கணக்கிலும் வணிகம் செய்துகொள்ள இடமிருந்தது. துணியும் வைரமும் கைமாறிய அவ்வணிகத்தில் யேல் கைதேர்ந்தவரானார். படிப்படியாக உயர்ந்து ஆலோசனைச் சபையிலும் இடம் பெற்றார்.

1680 அக்டோபர் இறுதியில் செயின்ட் சார்சு கோட்டைக்குள் புனித மேரி ஆலயம் திறக்கப்பட்டது. அடுத்த வாரமே, நவம்பர் 4-ஆம் நாள், அவ்வாலயத்தின் முதல் திருமணம் நடந்தது. மணமகன் எலிகு யேல். மணமகள் காதரின். அவர், அவ்வாண்டில் மறைந்த யேலின் மேலதிகாரி சோசப் இன்மர்சின் மனைவி. நான்கு ஆண்மக்களுக்குத் தாய். பாட்டி மறுமணம் செய்துகொண்டதால் அமெரிக்கா சென்ற குடும்பத்தில், பேரனும் கைம்பெண் ஒருவரை மணந்து இல்லறம் தொடங்கினார்.

மறு ஆண்டு இறுதியில் யேலின் பயணம் நம் பக்கம் திரும்பியது. அப்போது செஞ்சி மராத்தியர் ஆட்சியில் இருந்தது. கடலூர், பறங்கிப்பேட்டைப் பகுதிகளில் வணிகச்சாலை அமைக்க இசைவு பெறுவதற்காகக் கும்பினியார் யேலைச் செஞ்சிக்கு அனுப்பினர். திண்டிவனத்திலிருந்து பேருந்தில் நாம் ஒரு மணி நேரத்தில் சென்றடையும் அந்தக் கோட்டையில்தான், பாஸ்டனில் பிறந்த வணிகர் மராத்தியத் தலைவர்களோடு பேச்சு நடத்தினார். இராசகிரியையும் கிருட்டிணகிரியையும் பார்க்கும்போது தேசிங்குராசன் நம் நினைவுக்கு வருவான். அவனுக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே அங்கு வந்து போன இந்த வெள்ளையரையும் நினைத்துக்கொள்வது நன்று.

ஆளுநரும் தந்தையும்

1687 சூலையில் யேல் சென்னையின் ஆளுநரானார். அவர் காலத்தில்தான், 1688 செப்டம்பர் 29-ஆம் நாள், சென்னை நகராட்சி மன்றம் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தியாவின் முதல் மாநகராட்சி என்னும் பெருமை அதற்கு உண்டு. அதன் முதல் மேயர் நத்தானியல் இக்கின்சன். வியப்பு என்னவென்றால், இவரும் அமெரிக்கக் குடியேறிகளின் வழிவந்தவரே. நியூ ஹேவனுக்கு அருகில் உள்ள கில்போர்டில் பிறந்து, ஆர்வர்டு கல்லூரியில் பயின்றவர். அட்லாண்டிக் கடலின் ஒரு சிறு கரையில் பிறந்த இருவர், சோழமண்டலக் கரையில் ஒருவர் ஆளுநராகவும் மற்றொருவர் மேயராகவும் அமர்ந்தனர்.

பதவி வந்த ஆறு மாதத்தில் யேலின் வீட்டில் இருள் சூழ்ந்தது. அவருக்கும் காதரினுக்கும் பிறந்த ஒரே ஆண்மகன், நான்கு வயதும் நிரம்பாத டேவிட், 1688 சனவரியில் இறந்தான். கோட்டைக்கு வெளியே ஆங்கிலேயரின் பழைய இடுகாட்டில், தாயின் முதற்கணவர் இன்மர்சு அடக்கம் செய்யப்பட்டிருந்த கல்லறையிலேயே குழந்தையும் வைக்கப்பட்டான். பின்னாளில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிட்டபோது அவ்விடுகாட்டுக் கல்லறைகளை மறைவிடமாகப் பயன்படுத்தினர். ஆகவே முற்றுகை நீங்கியபின் ஆங்கிலேயர் கல்லறைகளை அகற்றிவிட்டு, கல்வெட்டுப் பலகைகளைப் புனித மேரி ஆலய முற்றத்தில் பதித்தனர். தப்பி நின்றவை இரண்டே. அவற்றுள் ஒன்று இக்குழந்தையின் கல்லறை. சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டி, நெடுங்காலம் சட்டக் கல்லூரியாக இருந்த கட்டடத்தின் வளாகத்தில் கூர்நுனித் தூண் போல் உயர்ந்து நிற்பது அதுவே. மறு ஆண்டே காதரின் பெண்மக்களோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். யேல் மேலும் பத்தாண்டுகள் இங்கேயே தங்கிவிட்டார்.

1690-இல் மராத்திய மன்னர் இராசாராம் செஞ்சியில் இருந்தார். முகலாயப் படை அவரை நெருக்கிக்கொண்டிருந்தது. பணம் தேவைப்பட்ட அந்நேரத்தில், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டை ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தொலைவு சென்று விழுமோ, அவ்வளவு நிலமும் வாங்கியவர்க்கே என்பது விற்பனையின் விந்தையான நிபந்தனை. நாலா திசையிலும் குண்டுகள் பறந்தன. அவை விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயராயிற்று. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். டேவிட் வேல்சு நாட்டின் காவல் புனிதர். யேலின் தந்தை பெயரும் டேவிட். இறந்த மகனின் பெயரும் டேவிட். பாட்டன் நாளில் கோட்டும் கோடரியும் கொடுத்து நிலம் கொண்டனர். பேரன் நாளில் குண்டு விழுந்த எல்லை வரை கொண்டனர். அங்கே உழுதுகொண்டிருந்தவனை எந்த நாட்டிலும் எவரும் கேட்கவில்லை.

எழுதாமல் விடக்கூடாத பக்கம்

பெரியோர் வரலாற்றை எழுதும்போது ஒளியை மட்டும் காட்டி நிழலை மறைப்பது நம் கட்டுரைகளில் காணப்படும் குறை. வரலாற்று மாணவன் அவ்வாறு செய்தலாகாது. யேல் ஆளுநராக இருந்த காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து மனிதர்களும் ஏற்றுமதி ஆயினர். பஞ்சமும் போரும் வாட்டிய ஆண்டுகள் அவை. ஒருவேளைக் கஞ்சிக்கு வழியின்றித் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட ஏழைகள் கரையில் குவிந்தனர். ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளையாவது ஏற்றிச் செல்லவேண்டும் என்ற விதியை யேலின் சபை நடைமுறைப்படுத்தியது. அவர்கள் செயின்ட் எலினா முதலிய தீவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1688-இல் அதே சபை அடிமை ஏற்றுமதியைத் தடை செய்தது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் இரக்கம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. கோல்கொண்டாவை வென்று புதிதாக ஆட்சிக்கு வந்திருந்த முகலாயரின் எதிர்ப்பும் அதற்குக் காரணம்.

தம் சொந்த வணிகத்துக்காகப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற புகார்கள் யேல்மீது பெருகின. சபை உறுப்பினர்களோடு ஓயாத சச்சரவு. 1692-இல் கும்பினியார் அவரைப் பதவியினின்று நீக்கினர். அவ்விடத்தில் அமர்ந்தவர் முன்னாள் மேயர் இக்கின்சனே.

வாரிசைத் தேடி

1699-இல் பெரும் செல்வத்தோடு யேல் இங்கிலாந்து திரும்பினார். இலண்டனில் ஒரு மாளிகை. வேல்சில் ரெக்சம் நகருக்கு அருகில் முன்னோர் வழி வந்த பிளாசு குரோனோ என்னும் இல்லம். பெண்மக்கள் மூவருள் இருவர் பிரபுக் குடும்பங்களில் மணம் புரிந்தனர். எல்லாம் இருந்தும் தம் பெயர் சொல்ல ஆண்மகன் இல்லையே என்ற ஏக்கம் அவரை அரித்தது. அப்போதுதான் அவர் தம் குடிவழியைத் திரும்பிப் பார்த்தார். அமெரிக்காவில் தங்கிவிட்ட சிற்றப்பன் தாமசின் வழியில் டேவிட் என்னும் ஒரு சிறுவன் இருப்பதை அறிந்தார். மீண்டும் ஒரு டேவிட்! அவனை வாரிசாக்கிக்கொள்ளும் எண்ணத்தோடு வரவழைத்தார். சிறுவன் வந்தான், ஆனால் வாரிசாக நிலைக்கவில்லை. தாயகத்துக்கே திரும்பிவிட்டான்.

சிறுவன் வழியாகக் கிட்டாத தொடர்ச்சி வேறொரு வழியாகக் கிட்டியது. கனெக்டிகட்டில் 1701-இல் தொடங்கப்பட்ட ஒரு சிறு கல்லூரி, நிலையான இடமின்றி அலைந்து 1716-இல் நியூ ஹேவனுக்கு வந்து சேர்ந்திருந்தது. கட்டடம் பாதியில் நின்றது; கையில் பணம் இல்லை. மகனில்லாச் செல்வர் ஒருவர் இலண்டனில் இருக்கும் செய்தியை அக்குடியேற்றத்தின் முகவரான செரிமையா டம்மர் 1711-லேயே ஊருக்கு எழுதியிருந்தார். 1718 சனவரியில் பாஸ்டன் நகரச் சமய குரு காட்டன் மாதர் யேலுக்கு ஒரு மடல் விடுத்தார். கல்லூரிக்கு உம் பெயர் சூட்டப்பட்டால், பிள்ளைகளால் நிலைக்கும் பெயரைவிட அது மேலாக நிலைக்கும் என்பது அதன் சாரம். மகனைச் சென்னை மண்ணில் விட்டுவந்த தந்தைக்கு எந்தச் சொல் தைக்கும் என்பதை மாதர் நன்கு அறிந்திருந்தார்.

யேல் ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 நூல்களும், மன்னர் முதலாம் சார்சின் படமும் அனுப்பினார். மூட்டைகளில் மசுலின், காலிக்கோ முதலிய துணி வகைகள் இருந்தன. அவற்றை விற்றுக் கிடைத்தது 562 பவுன். அவருடைய செல்வத்தை நோக்க அது சிறிய தொகையே. எனினும் கல்லூரி எழுந்தது; யேல் என்னும் பெயரும் ஏறியது. பாட்டியின் கணவர் ஈட்டன் நிறுவிய ஊரில், அவர் நண்பர் டேவன்போர்ட்டு கனவு கண்ட கல்லூரி, பேரன் பெயரால் நிலைபெற்றது. இதற்குமேல் ஒரு தொகையையும் உயிலில் எழுத யேல் எண்ணியிருந்தார். ஆனால் உயில் முற்றுப்பெறவில்லை; அத்தொகை கல்லூரிக்குப் போய்ச் சேரவும் இல்லை. 1721 சூலை 8-ஆம் நாள் அவர் இறந்தார். ரெக்சம் ஆலய முற்றத்தில் உள்ள அவர் கல்லறையில் அவர் வாழ்வைத் தொட்ட நான்கு கண்டங்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

பெயரற்றவர்கள்

யேலும் அவர் மருமகனாரும் உறவினரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஓவியம் ஒன்று, யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் உள்ளது. ஓரத்தில் பணிவோடு நிற்கும் ஒரு கறுப்பினச் சிறுவனின் கழுத்தில் வெள்ளி வளையம் பூட்டப்பட்டிருக்கிறது. அமர்ந்திருப்போருக்குப் பெயர் உண்டு, குடிவழி உண்டு. அச்சிறுவனுக்கு எந்தப் பெயரும் எழுதி வைக்கப்படவில்லை. அடிமை முறையோடு தனக்கு இருந்த தொடர்பை விரிவாக ஆராய்ந்து நூலாக வெளியிட்ட அப்பல்கலைக்கழகம், 2024 பிப்ரவரியில் அதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டது. முந்நூறு ஆண்டுகள் கழித்தேனும் அது நேர்ந்தது போற்றத்தக்கதே.

யேலின் குடிவழியைத் தேடிச் சென்ற எனக்கு முடிவில் ஒன்று தோன்றியது. கல்விக்குக் கொடுத்தவர் பெயர் நிலைக்கிறது, அது நியாயமே. அவர் கொடுத்த செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் நியாயமே. சோழமண்டலக் கரையில் தறியில் அமர்ந்து நெய்தவர், பஞ்சத்தில் கப்பலேற்றப்பட்டவர், குண்டு விழுந்த ஊரில் உழுதவர் ஆகியோரின் உழைப்பும் கண்ணீரும் அச்செல்வத்தில் கலந்திருந்தன. அவர்கள் பெயர் எந்த ஆலயப் பதிவேட்டிலும் இல்லை. ஒருவேளை அவர்களுள் ஒருவர் நம்மில் யாருக்கேனும் பாட்டனாருக்குப் பாட்டனாராகவும் இருந்திருக்கலாம்.

மாணவ நண்பர்களே! அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வீட்டுப் பெரியவர்களின் அருகில் அமர்ந்து முன்னோர் பெயர்களைக் கேட்டு ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் எவ்வூரிலிருந்து வந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். யேல் குடும்பத்துக்கு அதைச் செய்ய ஆள் இருந்தது. நம் குடும்பங்களுக்கு நாம்தான் செய்ய வேண்டும்.